பெடல் ஸ்டாண்டும் ஊதுபத்தியும்

நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை. சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களில், அதிலும் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களில், கையில் கிடைத்ததை வைத்து எப்படிச் சமாளித்தார்கள் என்று பேசச் சொன்னார்கள். கேட் போட, கட்டில் கம்பி ஒட்ட என்று அங்கெல்லாம் போய்வந்த பழக்கம்தான் எனக்குள்ள தகுதி.

2020 ஏப்ரல் கடைசியில் சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது தளர்ந்ததும் ஊரில் உள்ள பட்டறைகளுக்கெல்லாம் ஒரே வேலைதான். காலால் மிதித்தால் சானிடைசர் சொட்டும் பெடல் ஸ்டாண்ட். கடைவாசலுக்கு அது நல்ல பொருள். ஒரு புண்ணியவான் அதை முதியோர் இல்லத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அங்கிருந்த ஆயாம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஒத்தக் கால்ல நின்னுதானுங்களே மிதிக்கோணும்? விழுந்து இடுப்பு ஒடைஞ்சா யாருங்க பாக்கறது?" ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காத நேரம் அது. உடனே பெடலை எடுத்துவிட்டு, முழங்கையால் அழுத்துகிற மாதிரி சுவரில் ஒரு நீளக் கைப்பிடியும், பக்கத்திலேயே பிடித்து நிற்க ஒரு குழாயும் வைத்தோம். அந்த வேலையைத் தினம் செய்கிறவரைக் கேட்காமல் பொருள் செய்யக்கூடாது என்பது என் கட்சி. அந்தச் சமயத்தில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செய்தார்கள். மனுஷன் மேல் மருந்து அடிக்காதீர்கள் என்று அப்புறம் அரசே சொன்னது.

ஆயாம்மாக்களிடம் நான் பார்த்த இன்னொரு உருப்படியான கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. வயதானவர்களுக்குக் கொரோனா வந்தாலும் பல நேரம் காய்ச்சல் அடிக்காது. நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டுகிற தெர்மாமீட்டர் சும்மா பச்சை விளக்கு காட்டும். ஆனால் சாப்பாடு இறங்காது, பகலெல்லாம் தூங்குவார்கள், பேச்சு குழம்பும், நடக்கிறவர் தடுமாறி விழுவார். தட்டு கழுவும் இடத்தில் அந்த நோட்டைத் தொங்கவிட்டு, யார் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று எழுத ஆரம்பித்தார்கள். வழக்கமாக மூன்று இட்லி சாப்பிடுகிற தாத்தா ஒன்றோடு எழுந்தால், அன்றைக்கே அவர் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துவிடுவார்கள்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கை கழுவுவதைப் பற்றியே எல்லோரும் பேசினோம். காற்றிலும் பரவுகிறது என்பது மெல்லத்தான் உறைத்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்ஸி, ஜிம் ரோசெந்தால் என்ற இருவர் 2020இல், சதுர மின்விசிறியோடு நாலு ஃபில்டரைப் பெட்டி மாதிரி ஒட்டி, காற்று வடிகட்டி செய்து காட்டினார்கள். அருமையான யோசனை. ஆனால் அந்தச் சதுர ஃபேனும் அந்தத் தர ஃபில்டரும் நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. நம்மிடம் இருப்பது ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும். ஜன்னலைத் திறந்தால் கொசு. அதனால் முதல் வேலையே கொசுவலைச் சட்டம் அடித்ததுதான். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கிற காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும், வெளியே தள்ளாது. நோயாளி இருக்கிற அறையின் வெளிச்சுவரில் எக்ஸாஸ்ட் வைத்தால், நடையிலிருந்து காற்று அறைக்குள் போய், அங்கிருந்து வெளியே போகும். சரி, போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவை ஒரு விரல்கடை திறந்து, இடுக்கில் பிடியுங்கள். புகை அறைக்குள் சாய்ந்தால் சரி. நடைப் பக்கம் சாய்ந்தால், வேறு எங்கோ ஒரு ஃபேன் எதிராக இழுக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சமையல்கட்டு ஃபேனாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பே கூடாது. ஆளைக் கூட்டிவருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வெளியாட்களை கேட்டோடு நிறுத்திவிட்டோம் என்று எல்லா இல்லமும் பெருமையாகச் சொன்னது. ஆனால் பல இடங்களில் நோய் வேலைக்கு வந்தவர்களோடுதான் உள்ளே வந்தது. அமெரிக்காவின் கிர்க்லாந்து என்ற ஊரில் முதன்முதலில் பெரிதாகப் பரவிய இல்லத்தை ஆராய்ந்தபோது, ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்ததும், உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்ததும் காரணங்களில் சேர்ந்தன. லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்றால் யார்தான் தொண்டை வலிக்கிறது என்று சொல்வார்கள்? பிரான்சில் லியோன் பக்கத்தில் ஒரு இல்லத்தில் ஊழியர்கள் 47 நாள் உள்ளேயே தங்கிப் பார்த்தார்கள். வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிற நம் ஆயாம்மாக்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. இந்தக் கட்டில் வரிசைக்கு இந்த ஆள் மட்டும், ஒருவருக்கு ஒரே இல்லம், காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் உண்டு என்று எழுதிக் கொடுத்த இடங்களில் வாய்திறந்து சொன்னார்கள்.

பிரேசிலில் பிளாஸ்டிக் திரையில் கைநுழைக்க உறை தைத்து, கட்டிப்பிடிக்கும் திரை என்று வைத்தார்கள். அந்தப் படம் உலக அளவில் பரிசுகூட வாங்கியது. இங்கேயும் தார்ப்பாய்க் கடையில் கிடைக்கும் கண்ணாடித் தாளில் ஒன்று செய்தோம். நம் பாட்டிகள் கட்டிப்பிடிப்பதைவிடத் தலையில் கைவைக்கிறவர்கள். அதனால் கை உறையை நாற்காலியில் உட்கார்ந்தவரின் தோள் உயரத்தில் வைத்து, பேரன் குனிகிற அளவுக்கு இடம் விட்டோம். சேலம் வெயிலில் பத்து மணிக்கு மேல் தாளுக்குள் வேர்த்துக் கொட்டும், காலையில்தான் ஆகும். காது கேட்காதவர்களுக்கு ஒரு நர்ஸ் செய்தது இன்னும் எளிது: ஸ்டெதஸ்கோப்பைத் தாத்தா காதில் மாட்டி, மறுமுனையில் மெதுவாகப் பேசினார். மாஸ்க் போட்டுக் கத்த வேண்டியதே இல்லை.

ஏற்காட்டில் கதை கொஞ்சம் வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே ஆக்சிமீட்டர் ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டலாம். குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிற நாளிலேயே ஒவ்வொருவரின் அளவையும் குறித்து வைத்தால், நோய் வந்தபோது எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அப்புறம் மின்சாரம். மழையில் மரம் சாய்ந்தால் மலையில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் கொடுக்கிற கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் கைவிட்டுவிடும். பக்கத்தில் ஒரு பி டைப் சிலிண்டர் இருந்தால், அதில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன், நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அதைத் திறக்கிற ஸ்பேனரைச் சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள். ராத்திரி டியூட்டி ஆயாம்மா இருட்டில் ஒருதடவை திறந்து பழகியிருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.