இறங்காமல் நின்ற கோடு: டொனால் தாமஸும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும்

[திரை: 1957-ஆம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றின் பக்கம்]

ஆறு நோயாளிகள். ஒருவர்கூட 100 நாளைத் தாண்டவில்லை. 1957-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இதை எழுதியவர் டொனால் தாமஸ். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். தோற்றதைத் தோற்றதாகவே எழுதி வைத்தாரே, அதனாலேயே இந்தக் கட்டுரைமேல் எனக்குத் தனி மரியாதை.

[திரை: இடுப்பெலும்பின் குறுக்குவெட்டுப் படம்]

எலும்புக்குள் பஞ்சு போல இருப்பது மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்துதான் பிறக்கின்றன. ரத்தப் புற்றுநோயான லுகேமியா வந்தால் அந்த நாற்றங்காலிலேயே களை மண்டிவிடுகிறது. உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தால் களை சாகும், பயிரும் சேர்ந்து சாகும். அதன்பிறகு இன்னொருவரின் மஜ்ஜையை நட்டால் பிழைக்குமா? தாமஸின் கேள்வி இதுதான்.

நடுவது என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்தி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கும். நடுவே கொழுப்புத் துளிகளும் எலும்புத் துணுக்குகளும் மிதக்கும். அதை உலோகச் சல்லடையில் வடிகட்டி, ரத்தம் ஏற்றுவது போலவே நோயாளிக்கு ஏற்றுவார்கள். எலும்புக்குள் யாரும் கொண்டுபோய் வைப்பதில்லை. ஸ்டெம் செல்கள் ரத்தத்தோடு ஓடி, தம் வீட்டைத் தாமே கண்டுபிடித்துக் குடியேறிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

[திரை: இரட்டையர் இருவரின் கோட்டோவியம்]

1959-இல் அவர் குழு இரட்டையர் பக்கம் திரும்பியது. லுகேமியா வந்தவருக்கு, அச்சு அசலாக ஒத்த இரட்டையரின் மஜ்ஜை. அது வேர் பிடித்தது, புது ரத்தம் ஊறியது. ஆனால் சில மாதங்களில் லுகேமியா திரும்பிவிட்டது.

ஒத்துப்போகாதவரின் மஜ்ஜையிலோ வேறு ஆபத்து. வந்த வெள்ளையணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். திசுப் பொருத்தம் பார்க்கும் வழி அன்று கையில் இல்லை. 1960-களில் பலர் இந்தத் துறையைக் கைவிட்டார்கள். தாமஸ் நாய்களிடம் போனார். ஒரே ஈற்றுக் குட்டிகளில் திசு ஒத்துப்போகும் ஜோடி கிடைக்கும். மஜ்ஜை ஏற்றியபின் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து கொடுத்தால் தாக்குதலும் தணியும். பொருத்தம் பார்த்து மருந்தும் கொடுத்த நாய்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. ஆய்வகத்தில் கூடவே இருந்தவர் மனைவி டாட்டி. இதழியல் படித்தவர், கணவருக்காக ஆய்வக வேலை கற்றுக்கொண்டவர். கட்டுரைகளைத் திருத்தித் தந்தவரும் அவர்தான்.

1963-இல் சியாட்டில் போனார்கள். 1969-இல், பொருந்திய உடன்பிறப்பின் மஜ்ஜையை லுகேமியா நோயாளிகளுக்கு ஏற்றத் தொடங்கினார்கள்.

[திரை: வரைபடம், கோடு மெல்ல வரையப்படுகிறது]

இப்போது இந்த வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1977-இல் வெளியானது. வேறு எந்த மருந்துக்கும் நோய் அடங்காத 100 நோயாளிகள். மேலிருந்து கீழே உயிரோடு இருப்பவர்கள், இடமிருந்து வலமாகக் காலம். கோடு செங்குத்தாகச் சரிகிறது. ஒவ்வொரு படியும் ஒரு மரணம். பிறகு, 13 பேர் மிஞ்சிய இடத்தில், இறங்காமல் படுக்கையாக ஓடுகிறது. அந்த 13 பேருக்கும் ஓராண்டு முதல் நாலரை ஆண்டு வரை நோய் திரும்பவில்லை. புற்றுநோய் மருந்தும் எடுக்கவில்லை.

100-க்கு 13 சின்ன எண்தான். ஆனால் சாவைச் சில மாதம் தள்ளிப்போடும் சிகிச்சையில் கோடு சரிந்துகொண்டே போகும்; இப்படி நிற்காது. நின்றால் குணமாகிவிட்டார்கள் என்று பொருள்.

இரட்டையரின் மஜ்ஜை வேர் பிடித்தும் நோய் ஏன் திரும்பியது என்ற புதிருக்கும் 1979-இல் சியாட்டில் குழுவிடமிருந்தே விடை வந்தது. உடம்பைத் தாக்குகிற அதே கொடையாளர் அணுக்கள், ஒளிந்திருக்கும் லுகேமியாவையும் வேட்டையாடுகின்றன. ஒத்த இரட்டையரின் அணுக்களுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை.

தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு வெகு முன்பே, அந்த 13 பேர் அடுத்த கேள்வியைக் கொடுத்திருந்தார்கள்: கடைசிவரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் சிகிச்சையில் நோய் அடங்கியிருக்கும்போதே ஏற்றினால்? அதன் முடிவும் 1979-இல் வந்தது.

[திரை: அதே அச்சுகள், புதிய கோடு]

இந்த முறை கோடு ஏறக்குறையப் பாதி உயரத்தில் நின்றது.