வரும் பணம் பேசுகிறது, போகும் பணம் பேசுவதில்லை

[காட்சி: மதுரை. மாலை நேரம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசல். பூக்கூடைகள்.]

வணக்கம். இன்றைக்கு ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் தினமும் கேட்கிற பெட்டிதான். டீக்கடையில், இளநீர் வண்டியில், மருந்துக் கடையில், "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லுமே, அது. கடைக்காரர்கள் சவுண்ட் பாக்ஸ் என்பார்கள். சிலர் ஸ்பீக்கர் என்பார்கள்.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா பூ விற்கிறார். விடியற்காலையிலேயே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, நாள் முழுக்கக் கட்டி, மாலை நான்கு மணிக்குக் கடை போடுவார். மல்லி, பிச்சி, கனகாம்பரம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முகூர்த்த நாளில் மல்லி என்ன விலைக்கு ஏறும், எத்தனை முழம் போட்டால் முதல் வரும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

[காட்சி: அக்காவின் கைகள், நெருக்கத்தில். வாழை நார். ஈரத் துணிக்குப் பக்கத்தில் சவுண்ட் பாக்ஸ்.]

இந்தக் கைகளைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டும் ஈரம். இடது கை விரல்களுக்கு நடுவில் நார். வலது கை இரண்டு பூ எடுத்து வைக்கிறது, சுற்றுகிறது, முடிச்சு விழுகிறது. வாங்க வந்தவர் ஸ்கேன் பண்ணிவிட்டு "அனுப்பிட்டேன்க்கா" என்கிறார். அக்கா நிமிரவில்லை. கை நிற்கவில்லை. காது மட்டும் காத்திருக்கிறது. பெட்டி "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்றதும் முழத்தை வாழை இலையில் மடித்து நீட்டுகிறார். பெட்டி பேசாவிட்டால், "சவுண்டு வரலியேப்பா" என்று ஒரே வார்த்தை.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் அவர் பாடு எப்படி இருந்தது தெரியுமா? வாங்குகிறவர் போனைத் திருப்பிக் காட்டுவார். பச்சை டிக் இருக்கும். அக்கா தலையாட்டுவார். அதில் எழுதியிருந்தது இன்றைய தேதியா, போன வாரத் தேதியா, யார் பெயருக்குப் போயிருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. ராத்திரி மகள் வந்து போனைப் பார்த்து, "நூற்றிருபது குறையுதேம்மா" என்ற பிறகுதான் விஷயம் தெரியும்.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

[காட்சி: கியூஆர் கோடு ஸ்டிக்கர், ஓரத்தில் மஞ்சள் கறை.]

முதலில் அந்தக் கட்டம். கியூஆர் கோடை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் தன் குழுவோடு உருவாக்கினார். கார் உதிரி பாகங்களை வேகமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பணத்துக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை. கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து விளையாடும் 'கோ' பலகைதான் அவருக்கு யோசனை கொடுத்தது. மூன்று மூலையில் பெரிய சதுரம் இருக்கிறதல்லவா? போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் கோடு எங்கே இருக்கிறது என்று கேமரா கண்டுபிடிக்க அது உதவுகிறது. இன்னொரு நல்ல விஷயம், எழுதிய தகவலோடு கூடவே அதைச் சரிபார்க்கும் தகவலையும் சேர்த்து வைக்கிறார்கள். உயர்ந்த அளவில் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்க முடியும். அக்காவின் ஸ்டிக்கரில் மஞ்சள் குங்குமம் பட்டும் ஸ்கேன் ஆவது அதனால்தான்.

அந்தக் கட்டத்துக்குள் பணம் இல்லை. ஒரு முகவரிதான் இருக்கிறது. யாருக்குப் பணம் போக வேண்டும் என்ற யு.பி.ஐ. முகவரி, பெயர், அவ்வளவுதான். நீங்கள் தொகையைப் போட்டு பின் நம்பர் அடித்ததும் தகவல் உங்கள் செயலியிலிருந்து இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கு, அதாவது என்.பி.சி.ஐ.க்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் வங்கிக்குச் சொல்லிக் கழிக்கிறார்கள், அக்காவின் வங்கிக்குச் சொல்லிச் சேர்க்கிறார்கள். சில நொடி வேலை. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஏ.டி.எம். வரிசை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 ஆகஸ்டில் யு.பி.ஐ. ஒரே மாதத்தில் 1000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது, 2025 ஆகஸ்டில் 2000 கோடியைத் தாண்டியது.

இப்போது பெட்டிக்கு வருவோம். அது வாங்குகிறவரின் போனோடு பேசுவதில்லை. அக்காவின் போனோடும் பேசுவதில்லை. பெட்டிக்குள் தனி சிம் கார்டு இருக்கிறது. பணம் கணக்கில் ஏறிவிட்டது என்ற தகவல் கியூஆர் கோடு கொடுத்த நிறுவனத்துக்கு வந்ததும், அவர்களின் கம்ப்யூட்டர் அந்தத் தொகையை நேரே பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி அதைக் குரலாக்குகிறது. ஆகவே போனில் யார் என்ன படம் காட்டினாலும் பெட்டியை ஏமாற்ற முடியாது. யாராவது ராத்திரியோடு ராத்திரியாக அக்காவின் ஸ்டிக்கர் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாலும், மறுநாள் முதல் வியாபாரத்திலேயே பெட்டி மௌனமாக இருந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படிப்பட்ட பெட்டியை 2019 வாக்கில் பேடிஎம் கொண்டுவந்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் தந்தன. மாத வாடகை உண்டு. யு.பி.ஐ.யில் பணம் வாங்க 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் வாடகை கொடுத்துப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் குரலின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? யு.பி.ஐ. வெற்றி என்றால் எல்லோரும் கட்டத்தைக் காட்டுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வியாபாரியின் பக்கத்தில் நின்று பார்த்தால், அவர் நம்புவது கட்டத்தை அல்ல, தமிழில் பேசும் இந்தக் குரலைத்தான்.

ஒருமுறை ஒரு பையன் இருபது ரூபாய்க்குப் பூ வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். பெட்டி "இரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்றது. பேருந்து ஹாரன், கோயில் மணி, பக்கத்து டீக்கடைப் பாட்டு, அத்தனைக்கும் நடுவில் அது அக்கா காதில் விழுந்தது. "தம்பி, ரெண்டு ரூவாதான் வந்திருக்கு!" பூஜ்யத்தை விட்டுவிட்டான், பாவம். திரும்பி வந்து பதினெட்டு அனுப்பிவிட்டுப் போனான்.

இதுவரை சொன்னதெல்லாம் வருகிற பணம். இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்த வீடியோவை எடுக்கக் காரணம்.

[காட்சி: மாலைக் கடை. தொங்கும் ரோஜா மாலைகள்.]

அதே தெருவில் இன்னொருவர் மாலைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு நாள் போன் வந்தது. கல்யாணத்துக்கு இருபது மாலை வேண்டுமாம். அட்வான்ஸ் ஐயாயிரம் இப்போதே அனுப்புகிறேன் என்றான். மகனின் வாட்ஸ்அப்புக்கு ஒரு கியூஆர் கோடு வந்தது. "உங்க போன்ல அதை ஸ்கேன் பண்ணுங்கண்ணே, பணம் ஏறிடும், பின் நம்பர் போட்டாத்தான் கணக்குல சேரும்" என்று லைனிலேயே இருந்து சொல்லிக்கொண்டே வந்தான். இவர் ஸ்கேன் பண்ணினார். பின் நம்பர் போட்டார்.

பெட்டி பேசவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெட்வொர்க் இல்லை போல என்று நினைத்தார். போனில் இருந்தவன் "வரலையா? இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றான். இன்னொரு தடவை போட்டார். பத்தாயிரம் போய்விட்டது.

பின் நம்பர் அடிக்கிற பக்கத்தில், உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று எழுதித்தான் இருந்தது. ஆங்கிலத்தில். சின்ன எழுத்தில். அவர் படித்தது தமிழ் வழியில் ஏழாம் வகுப்பு. எதிர்முனையில் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த எழுத்தை யார் பார்ப்பார்கள்? வெட்கப்பட்டு ராத்திரிதான் மகனிடம் சொன்னார். மறுநாள் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தார்கள். அதற்குள் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்படி நடந்தால் அந்த நிமிடமே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அப்புறம், பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

ஆனால் எனக்கு இதோடு விட மனம் இல்லை. ஏனென்றால் இந்த இடத்தில் நாம் எப்போதும் ஏமாந்தவரைத்தான் குறை சொல்கிறோம். பார்த்துப் போட வேண்டாமா, படித்துப் பார்க்க வேண்டாமா என்கிறோம். ஒரே ஆள், ஒரே கடை, ஒரே கணக்கு. இருபது ரூபாய் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி தமிழில் சொல்கிற ஏற்பாடு, ஐயாயிரம் போகும்போது வாயே திறப்பதில்லை. வரும் பணத்துக்குக் குரல், போகும் பணத்துக்கு வெறும் எழுத்து. இன்றுவரை இப்படித்தான் இருக்கிறது.

பின் நம்பர் அடிப்பதற்கு முன்னால் போன் பேச வேண்டும். "உங்கள் கணக்கிலிருந்து ஐயாயிரம் ரூபாய் வெளியே போகப் போகிறது." இந்த ஒரு வாக்கியம், அவரவர் மொழியில். போனில் ஸ்பீக்கர் இருக்கிறது. எவ்வளவு தொகை, எந்தப் பக்கம் போகிறது என்பது செயலிக்குத் தெரியும். இதில் முடியாதது என்ன இருக்கிறது?

முடியும் என்பதற்கு என்.பி.சி.ஐ.யிடமே சான்று இருக்கிறது. 2022 மார்ச்சில் என்.பி.சி.ஐ.யின் யு.பி.ஐ. 123பே என்ற ஒன்றை ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. சாதாரண பட்டன் போனிலிருந்து ஒரு எண்ணுக்கு அழைத்து, குரல் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எண்ணை அழுத்திப் பணம் அனுப்பலாம். இன்டர்நெட் வேண்டாம். பட்டன் போனில் பேசத் தெரிந்த ஏற்பாடு, ஸ்மார்ட்போனில் மட்டும் ஏன் ஊமையாக இருக்க வேண்டும்? மோசடியைத் தடுக்க அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பணம் கேட்டு ஒருவர் இன்னொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து தனிநபர்களுக்கிடையே நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஒரு வாசலை அடைத்தார்கள். மாலைக் கடைக்காரர் ஏமாந்த வாசல் திறந்துதான் இருக்கிறது.

நாலு பேர் நடுவில் தொகையைச் சத்தமாகச் சொன்னால் சங்கடம்தானே என்று கேட்கலாம். நியாயம். தொகை வேண்டாம், "பணம் வெளியே போகிறது" என்று மட்டும் சொன்னாலே போதும். வேண்டாதவர்கள் நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும். தினமும் கேட்டால் காது பழகிப்போய்க் கவனிக்க மாட்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்த இரண்டு ரூபாயை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற குரலில், தப்பாக வந்த ஒன்றே ஒன்றை அக்கா பிடித்தார். கையில் வேலையும் கண்ணில் எழுத்துத் தெரியாமையும் இருக்கிறவர்களுக்குக் காது அவ்வளவு கூர்மை.

[காட்சி: அதிகாலை. மாட்டுத்தாவணி. பூ மூட்டைகள், தராசு.]

இது மாட்டுத்தாவணி. அக்கா தினமும் பூ எடுக்கும் கடை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. வியாபாரிகள் வரிசையாக ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார்கள். அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி, ரொக்கமாகத்தான் கொடுக்கிறார். அவருக்கு வரும் பணத்தில் முக்கால்வாசி கணக்கில் ஏறுகிறது. அதை மகள் வாரம் இரண்டு தடவை ஏ.டி.எம்.மில் எடுத்துத் தர வேண்டும். ஏன்க்கா இந்த அலைச்சல், இங்கேயே ஸ்கேன் பண்ணிடலாமே என்று கேட்டேன்.

"வர்றப்ப அது சொல்லுது தம்பி, வாங்கிக்கிறேன். நான் குடுக்கிறப்ப எவ்வளவு போகுதுன்னு யாரு எனக்குச் சொல்றா? அதையும் சொல்லச் சொல்லு. அப்புறம் அதுலயே குடுக்கிறேன்."

சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு, பூ மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார்.