மாற்றுச் சிறுநீரகமும் பதுங்கியிருக்கும் வைரஸ்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுநீரக மாற்று அறுவை முடிந்தவர்களில் பெரும்பாலோர் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன் என்ற மூன்று மருந்துகளைத் தினமும் சாப்பிடுகிறார்கள். வந்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் மருந்துகள் இவை. அப்படி அடக்கிவைக்கும்போது, ஆண்டுக்கணக்கில் உடம்புக்குள் சும்மா கிடந்த வைரஸ்கள் தலைதூக்குகின்றன. யாருக்கு, எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக சி.எம்.வி. அறுவைக்கு முன்பே கொடையாளர், பெறுபவர் இருவர் ரத்தத்திலும் இதற்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் (வைரஸ் முன்பே தொற்றியிருந்ததைக் காட்டும் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொடையாளருக்கு இருந்து பெறுபவருக்கு இல்லையென்றால் ஆபத்து உச்சத்தில் இருக்கும். உடம்பு அறியாத வைரஸ் புதுச் சிறுநீரகத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது அல்லவா? பெறுபவருக்கு ஏற்கெனவே இருந்தால் நடுத்தரம். இருவருக்கும் இல்லையென்றால் குறைவு.

ஒரு எச்சரிக்கை. டயாலிசிஸ் காலத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், ஏற்றிய ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளே சோதனையில் தெரியக்கூடும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி இருந்தால் அதை நம்புவதே சரி.

இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும். எனவே மேலே சொன்ன மேற்கத்திய அட்டவணையை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருமே நடுத்தரம்தான். அத்தோடு கணக்கை மூடிவிடக் கூடாது. நோய் எதிர்ப்பு அணுக்களை வேகமாகக் குறைக்கும் ஏ.டி.ஜி. ஊசி போட்டார்களா? நிராகரிப்புக்குச் சிகிச்சை நடந்ததா? லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்தே இருக்கிறதா? ஆபத்தை இங்கே பிரித்துக் காட்டுபவை இந்தக் கேள்விகள்தான். நிராகரிப்புக்காக ஏ.டி.ஜி. கொடுத்தால் தடுப்பு மருந்தையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

அந்தத் தடுப்பு மருந்து வால்கான்சிக்ளோவிர். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் தினம் 900 மில்லிகிராம். உச்ச ஆபத்துக்காரர்களுக்கு 6 மாதம், நடுத்தர ஆபத்துக்காரர்களுக்குப் பொதுவாக 3 மாதம். உச்ச ஆபத்துக்காரர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், 100 நாள் சாப்பிட்டவர்களில் 36.8 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் வந்தது. 200 நாள் சாப்பிட்டவர்களில் 16.1 சதவீதம்தான்.

தவறு நடப்பது அளவில். புதுச் சிறுநீரகம் மெதுவாக இயங்கும் முதல் வாரங்களில் 450 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்குவார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) இறங்கியபின் மருந்தின் அளவை ஏற்ற மறந்துவிட்டால், அந்த அரைகுறை மருந்தில் வைரஸ் பழகி, மருந்துக்கே அடங்காமல் போகலாம். வெள்ளணு குறைகிறதென்று இந்த மாத்திரையைப் பாதியாக்குவதும் இதே தவறுதான். மைக்கோஃபினோலேட்டைக் குறைப்பது பற்றி மருத்துவர் முதலில் யோசிப்பார். மாத்திரையை உடைக்கவே கூடாது, அதன் தூள் கையில் படுவது நல்லதல்ல.

மருந்து நின்ற அடுத்த 3 மாதமும் கவனம் தேவை. காய்ச்சல், களைப்பு, விடாத வயிற்றுப்போக்கு வந்தால் சோதிக்க வேண்டும். குடலில் மட்டும் நோய் இருக்கும்போது ரத்தச் சோதனை சுத்தமாக வரலாம். அப்போது கொலோனோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது பி.கே. வைரஸ். 1971இல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்து, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். என்னைக் கேட்டால் சி.எம்.வி.யைவிட இதுதான் வில்லங்கமானது. காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. கிரியாட்டினின் ஏறும்போது சிறுநீரகம் ஏற்கெனவே சேதமாகியிருக்கும். தடுப்பு மாத்திரையும் கிடையாது. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் உதவும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வில் அது எடுபடவில்லை.

ஆகவே நாள்காட்டியை நம்ப வேண்டியதுதான். முதல் 9 மாதம் மாதாமாதம், பிறகு 2 ஆண்டு முடியும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை, ரத்தப் பிளாஸ்மாவில் வைரஸின் மரபணுப் பிரதிகளை எண்ணும் பி.சி.ஆர். சோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிகளுக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, ஒரே தடவையில் 10,000ஐத் தாண்டினாலோ, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பார்கள். மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்குவது பலரும் எடுக்கும் முதல் படி.

குறைத்தால் நிராகரிப்பு எட்டிப்பார்க்கும். அதனால் கிரியாட்டினினையும் வைரஸ் அளவையும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை சேர்த்தே பார்க்க வேண்டும், அதுவும் ஒரே ஆய்வகத்தில். ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு எண் சொல்வது சகஜம். ஆய்வகம் மாறினால், எண் ஏறியது வைரஸாலா சோதனைமுறையாலா என்று மருத்துவருக்கே புரியாது.