கடல் தொடாத துறைமுகம்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்சு நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, எக்மோர்த் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ‘செத்த தண்ணீர்’ என்பது அந்தப் பெயரின் பொருள். காயலும் சதுப்பும் சூழ்ந்து, நீர் ஓடாமல் தேங்கிக் கிடந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. நீம் நகரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடல் இந்த ஊரைக் கைவிட்டுப் போய்விட்டது என்று அங்கே வருகிறவர்கள் பலர் சொல்வார்கள். முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் நம்பினேன். அது சரியன்று. கோட்டைச் சுவரை அலை ஒருநாளும் தொட்டதில்லை. கப்பல்கள் வாய்க்கால் வழியாகவும் காயல் வழியாகவும்தான் வந்து போயின. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லி நண்பர்களைச் சலிப்படையச் செய்திருக்கிறேன், இன்று உங்கள் முறை. இத்தகைய இடத்தில் துறைமுகம் ஏன் என்று கேட்டால், பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு வேறு வழி இல்லை என்பதே விடை. மார்சேய்த் துறைமுகம் அவர் ஆட்சிக்கு உட்படாதது. மோன்பெலியே நகரம், இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டு மன்னருடையது. ஆகவே துறவிகளிடமிருந்து இந்தச் சதுப்பைப் பெற்று, வரிச்சலுகை கொடுத்துக் குடிகளை வரவழைத்து, 1248இல் இங்கிருந்தே சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறினார். 1270இல் மறுபடியும் ஏறியவர் வட ஆப்பிரிக்காவின் தூனிசில் நோயுற்று இறந்தார். நாம் இன்று வியந்து பார்க்கிற, 1,600 மீட்டருக்கு மேல் நீளும் மதிலை அவர் பார்க்கவே இல்லை. அது அவருடைய மகனும் பேரனும் கட்டியது. வாய்க்காலை மணலும் வண்டலும் ஓயாமல் மூடிக்கொண்டே இருந்தன. ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1481இல் மார்சேயே பிரான்சு மன்னர் கைக்கு வந்துவிட்டதால், தூர்வாரிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் குறைந்தது.

மதில் நிற்கட்டும். ஊரின் மூலையில் அதைவிடப் பழைய வட்டக் கோபுரம் ஒன்று இருக்கிறது. கோன்ஸ்தான்ஸ் கோபுரம் என்பார்கள். உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்த அந்தக் கோபுரத்தின் சுவர் ஆறு மீட்டர் தடிமன், அதாவது நம் வீட்டு அறை ஒன்றை அதற்குள்ளேயே அடக்கிவிடலாம். அது சிறையாகவும் பயன்பட்டது. புரொட்டஸ்டண்ட் வழிபாடு தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், 1730இல், மரி துரான் என்ற 19 வயதுப் பெண்ணை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். அவருடைய அண்ணன் மறைவாகப் போதித்துவந்த போதகர்; அவரை 1732இல் மோன்பெலியேயில் தூக்கிலிட்டார்கள். தங்கை வெளியே வர ஒரு வார்த்தை போதும்: என் மதத்தைக் கைவிடுகிறேன் என்று சொன்னால் கதவு திறக்கும். அதைச் சொல்லாமல் 38 ஆண்டுகள் இருந்தார். உடன் இருந்த பெண்களுக்காக வெளியூர்த் திருச்சபைகளுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார், தம் அண்ணன் மகளுக்கும் எழுதினார். ஆம், 38 ஆண்டுகள். கதவின் சாவி அவர் நாவிலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை மறுபடி கேளுங்கள். 1768இல்தான் விடுதலை.

மேல்தளத்து அறையின் நடுவே, கீழ் அறைக்கு வெளிச்சமும் காற்றும் போக ஒரு வட்டத் துவாரம் உண்டு. அதைச் சுற்றிய கல் விளிம்பில் ‘எதிர்த்து நில்’ என்று பொருள்படும் ஒரே சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டல் நேராக இல்லை. மரி துரான் செதுக்கியது என்பது வழிவழியாக வரும் பேச்சே ஒழிய, அதற்குச் சான்று கிடையாது. நான் குனிந்து படித்தபோது பின்னால் வரிசை நின்றதால் அரை நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கை காட்டுகிறார். உப்பளங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். தெற்கு மதில்மீது நின்றால் பாத்திகளும் வெண்ணிற உப்பு மேடுகளும் தெரியும். கோடையில், உவர்நீரில் வாழும் நுண்பாசியால், பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அங்கே கூலிக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர்களை 1893 ஆகஸ்டு 17 அன்று பிரெஞ்சுத் தொழிலாளர்களும் ஊராரும் கும்பலாகத் திரண்டு அடித்துக் கொன்றார்கள். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மதிலின்மேல் நிழலே கிடையாது, ஆகவே காலையிலேயே ஏறிவிடுங்கள். வணக்கம்.