400 ரூபா கார்டுல சித்தி லேப்டாப்புக்கு வைஃபை வந்துருச்சு!

வணக்கம் மக்களே. இன்னிக்கு இன்ட்ரோ மியூசிக்லாம் கிடையாது, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வரேன்... கீழ, வலது மூலையில, தெரியுதா? வைஃபை! சிக்னல் ஃபுல்லு. இந்தக் கார்டுக்கு டிரைவர், அதாவது கார்ட ஓட்டற சாஃப்ட்வேர், எதுவும் போடல, எதையும் டவுன்லோட் பண்ணல, கமாண்ட் அடிக்கற டெர்மினலே தொறக்கல. ஆன் பண்ணேன், பக்கத்து வீட்டு நெட்வொர்க் வரைக்கும் லிஸ்ட்ல வந்து நிக்குது. இதுக்கு ஆன செலவு 400 ரூபா. அந்த 400 எப்படி 400 ஆச்சுங்கறத கண்டிப்பா சொல்லணும், ஏன்னா கடைக்காரர் ஆரம்பிச்சது 700ல.

லேப்டாப் யாருதுன்னு ரெகுலரா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எஸ்எஸ்டி மாத்தின வீடியோல வந்துச்சே, அதே சித்தி லேப்டாப். ஐ3 6006யூ, ஆறாவது தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11க்கு எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி வசதி வேற இருக்கணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. பதிவு பண்ணிக்கிட்டா இன்னும் ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும், சரி, அதுக்கப்புறம்? சித்தி இதுல டியூஷன் பசங்களுக்கு கேள்வித்தாள் அடிக்கறாங்க, யூடியூப் பாக்கறாங்க, கரண்ட் பில் கட்டறாங்க. கீபோர்டு நல்லாருக்கு, ஸ்கிரீன் நல்லாருக்கு. ஓடற மெஷினத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குன்னு யாராவது சொன்னா எனக்கு வர்ற கோவம் உங்களுக்கே தெரியும். அதனால விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் 22, இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். நம்ம மஞ்ச டேப் ஒட்டின பென்டிரைவ்.

லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேர்ந்தே, போட்டுப் பாத்தேன். சவுண்டு வருது, வெப்கேம் வருது, பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யுது, மூடித் தொறந்தா தூக்கத்துலேர்ந்து ஒழுங்கா எழுந்திருக்குது. தமிழ் கீபோர்டு செட் பண்ணியாச்சு. வைஃபை மட்டும் இல்ல. லிஸ்ட் காலியா இருக்குன்னு சொல்லல, வைஃபைங்கற அந்த ஐட்டமே மெனுல இல்ல!

இந்த இடத்துலதான் முக்காவாசிப் பேரு லினக்ஸே சரியில்லன்னு மூடி வெச்சுட்டுப் போயிடறாங்க. போகாதீங்க. டெர்மினல்ல எல்எஸ்பிசிஐன்னு (lspci) ஒரு கமாண்ட் இருக்கு, அதோட மைனஸ் என்என்கே (-nnk) போட்டு எண்டர் தட்டுங்க. உங்க மெஷினுக்குள்ள இருக்கற ஒவ்வொரு சிப்பும் வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் சதுர அடைப்புக்குள்ள ரெண்டு நம்பர் இருக்கும், நாலு எழுத்து, ஒரு கோலன், இன்னொரு நாலு எழுத்து. முதல் நாலு கம்பெனி, அடுத்த நாலு அந்தக் குறிப்பிட்ட சிப்பு. 8086னு ஆரம்பிச்சா இன்டெல். அதுக்குக் கீழ "கர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி வரணும். அது வந்தா கர்னல், அதாவது லினக்ஸோட உள் மையம், அந்த சிப்ப எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். சித்தி லேப்டாப்ல வைஃபை சிப்புக்குக் கீழ அந்த வரியே வரல. கார்டு இருக்கு, கர்னலுக்குத் தெரியுது, ஓட்டறதுக்கு டிரைவர் இல்ல.

லேப்டாப் மேல என்ன பேரு அச்சடிச்சிருக்குங்கறது பிரச்சினையே இல்ல மக்களே. கமென்ட்ல தினம் யாராவது "ப்ரோ, இந்த பிராண்ட்ல லினக்ஸ் ஓடுமா"ன்னு கேக்கறீங்க. பிராண்ட் ஓடாது, சிப்புதான் ஓடும்! ஒரே மாடல், ஒரே பேரு, ஒரே வருஷம், ஆனா ஒரு லாட்ல ஒரு வைஃபை சிப்பு, அடுத்த லாட்ல வேற சிப்பு. எது சல்லிசா கிடைக்குதோ அதை உள்ள வெச்சு அனுப்பிடறாங்க. யுஎஸ்பில மாட்டற வைஃபை டாங்கிள் இன்னும் மோசம். பெட்டியில அதே மாடல் நம்பர்தான் இருக்கும், அடியில பொடி எழுத்துல வெர்ஷன் 2, வெர்ஷன் 3னு போட்டிருக்கும், உள்ள இருக்கற சிப்பு முழுசா வேற. எனக்கு டாங்கிளே பிடிக்காது, அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஏஆர்9271 சிப்பு இருக்கற டாங்கிள் மட்டும் விதிவிலக்கு. சிப்புக்குள்ள ஓடற குட்டி சாஃப்ட்வேர், அதான் ஃபர்ம்வேர், அதோட சோர்ஸ் கோடையே 2013ல வெளிய விட்டாங்க. அந்த மாதிரி சிப்புன்னா நான் தலையில தூக்கி வெச்சு ஆடுவேன்.

சரி, சித்தி மெஷின். அந்த சிப்பு செஞ்ச கம்பெனி டிரைவரக் கர்னலுக்குள்ள கொண்டு வரல. சோர்ஸ் கோடு போட்டு வெக்கற கிட்ஹப் சைட்ல யாரோ ஒரு புண்ணியவான் சரி பண்ணி வெச்சிருக்காரு. அதை இறக்கணும்னா நெட் வேணும். நெட் வேணும்னா வைஃபை வேணும். இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப்ல லேன் போர்ட்டும் கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபோன எடுங்க, சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட மாட்டுங்க, ஹாட்ஸ்பாட் செட்டிங்ல யுஎஸ்பி டெதரிங்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணுங்க. அவ்ளோதான். லினக்ஸ் அதை லேன் கேபிள்னே நினைச்சுக்கும். ஃபோன் வைஃபைல இருந்தா அந்த வைஃபையே கேபிள் வழியா வந்துரும், மொபைல் டேட்டா கூட செலவாகாது. இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு ஆண்ட்ராய்ட ரொம்பப் பிடிக்கும்.

வெளி டிரைவரக் கர்னலுக்கு ஏத்த மாதிரி பில்ட் பண்ற டிகேஎம்எஸ்ங்கற டூல்ல டிரைவர் பில்ட் ஆச்சு. அப்பவும் வைஃபை வரல! காரணம் செக்யூர் பூட், மெஷின் ஆன் ஆகறப்ப முதல்ல ஓடற பயாஸ்ல இருக்கற ஒரு பாதுகாப்பு. டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவர் மாட்யூல உள்ள விடாது. இன்ஸ்டால் பண்றப்ப ஒரு பாஸ்வேர்டு கேக்கும். ரீஸ்டார்ட் ஆகறப்ப நீலக் கலர்ல மோக் மேனேஜ்மென்ட்னு ஒரு ஸ்கிரீன் வரும், அதுல அந்த பாஸ்வேர்ட அடிச்சு கீய என்ரோல் பண்ணணும். பத்து செகண்டு எதையும் தொடலன்னா அது பாட்டுக்கு பூட் ஆகிப் போயிடும். அந்த நேரத்துல காபி எடுக்க எழுந்து போயிடாதீங்க.

வைஃபை வந்துச்சு. சித்திக்கு சந்தோஷம். நல்லா ஓடிட்டிருந்துச்சு, ஒரு கர்னல் அப்டேட் வந்துச்சு, போச்சு! புது கர்னல்ல உள்ள சில ஃபங்ஷன மாத்திட்டாங்க, அந்த வெளி டிரைவர் அதோட பில்ட் ஆகல. "டேய், நெட்டு போயிடுச்சுடா, பசங்களுக்கு நாளைக்கு டெஸ்ட்டு"ன்னு ஃபோன். மெஷின் ஆன் ஆகறப்ப வர்ற க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போயி பழைய கர்னல எடுக்கச் சொன்னேன், அன்னிக்கு ஓடிருச்சு. ஆனா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சித்தி பயந்துட்டே இருக்கணுமா? இந்தக் கார்டே வேணாம், கழட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அட, ஒண்ணு விட்டுப் போச்சு. இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடியே ஆர்எஃப்கில் லிஸ்ட்னு (rfkill list) ஒரு கமாண்ட் அடிச்சுப் பாத்துடுங்க. ஏரோப்ளேன் பட்டன் தெரியாம அமுங்கியிருந்தாலும் வைஃபை வராது. அதுல ஹார்டு பிளாக்டு எஸ்னு காட்டினா கார்டு மேல தப்பில்ல, பட்டன்தான். கார்டு வாங்க அலையறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும்.

இப்ப கார்டு வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். மவுன்ட் ரோட்ல இறங்கி உள்ள நடந்தீங்கன்னா ஒரு பக்கம் முழுக்க கழட்டின லேப்டாப் பார்ட்ஸ். முதல் கடையில இன்டெல் கார்டு வேணும்னு கேட்டேன், ஏஎக்ஸ்201ன்னு ஒண்ணக் கையில குடுத்து 1,100 சொன்னாரு. "ஏஎக்ஸ்200 இல்லையா அண்ணே"ன்னா, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி"ங்கறாரு. ஒண்ணு கிடையாது! இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. ஏஎக்ஸ்200 முழு கார்டு, பிசிஐஇ ஸ்லாட்ல போட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும். ஏஎக்ஸ்201, 211 எல்லாம் சிஎன்விஐ. பாதி வேலை மட்டும்தான் அந்தக் கார்டுல, மீதிப் பாதி புது இன்டெல் பிராசஸர் பக்கத்துல இருக்கு. மாவு பாக்கெட் மாதிரி, தோசைக்கல் உங்க வீட்டுல இருக்கணும். ஆறாவது தலைமுறையில அந்தக் கல்லே கிடையாது. ஆனா கார்டு ஸ்லாட்ல அழகா உக்காரும், ஸ்க்ரூவும் மாட்டும். எத்தனை பேரு அதை வாங்கிட்டு லினக்ஸத் திட்டறாங்களோ.

ஏஎக்ஸ்200ஏ வாங்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. இன்னொரு கடையில 950க்கு இருந்துச்சு. நானும் நின்னு யோசிச்சேன். சித்தி வீட்டு ரவுட்டர் வைஃபை 5. வைஃபை 6 கார்டப் போட்டு என்ன பண்றது? அப்பதான் டப்பாவுக்குள்ள 7265 கண்ணுல பட்டுச்சு. இன்டெல் 7265! 2014ல வந்த கார்டு, 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும், ப்ளூடூத் இருக்கு, கர்னலுக்குள்ள ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர்ல ரொம்ப வருஷமா குடியிருக்கு. 700ன்னாரு. பழசுண்ணே, கழட்டின சரக்குன்னேன். 600. ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குன்னேன். 550. காசக் கையில எடுத்து, 400 அண்ணே, ஓடலன்னா மாத்திக் குடுக்கணும்னேன். நாளைக்கே வான்னு குடுத்துட்டாரு. 400 ரூபா! மனசு அப்படியே நிறைஞ்சு போச்சு. டாங்கிள் மாதிரி இல்லாம இது உள்ளயே உக்காருது, எதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இல்ல. 950 எங்க, 400 எங்க. மீதி 550ல சித்திக்கு ஒரு மவுஸு வாங்கினேன், இன்னும் காசு மிச்சம்.

7260ன்னு ஒண்ணும் கிடைக்கும், நல்ல கார்டுதான். ஆனா அதுல ரெண்டு சைஸ் உண்டு. மினி பிசிஐஇ தனி, எம்.2 தனி. உங்க பழைய கார்டக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்குங்க.

மாத்தறது பெரிய வேலை இல்ல. அடி மூடியக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டர எடுங்க, அதை எடுக்காம எதையும் தொடாதீங்க. பழைய கார்டுல ஆன்டெனா ஒயர் ஒண்ணுதான் மாட்டியிருந்துச்சு. எனக்கு பக்குன்னு ஆச்சு, ஏன்னா 7265க்கு ரெண்டு வேணும். டார்ச் அடிச்சுத் தேடினா, ரெண்டாவது ஒயர் ஓரத்துல உறை போட்டு சுருட்டி ஒட்டி வெச்சிருக்கு! லேப்டாப்புக்குள்ள ரெண்டு ஆன்டெனாவும் வெச்சுட்டு, கார்டு மட்டும் ஒத்த ஆன்டெனா கார்டாப் போட்டு மிச்சம் பிடிச்சிருக்காங்க. ரெண்டையும் மாட்டினேன், டக்குன்னு ஒரு சத்தம் வரும், அதுவரைக்கும் நேரா அமுக்கணும். இன்னொரு பயமும் இருந்துச்சு. சில கம்பெனிங்க பழைய மாடல்ல பயாஸ்லயே லிஸ்ட் வெச்சிருப்பாங்க, அவங்க குடுத்த கார்டு இல்லன்னா மெஷின் பூட்டே ஆகாது. காசு குடுத்து வாங்கின பொருளுக்குள்ள நான் எந்தக் கார்டு போடணும்னு நீ யாருய்யா முடிவு பண்ண? இதுல அந்தத் தடை இல்ல, நேரா மின்ட் வந்துச்சு. ப்ளூடூத்தும் இதே கார்டுலதான், சித்தி ஸ்பீக்கர் உடனே கனெக்ட் ஆச்சு.

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான், பதினொண்ணாவது தலைமுறை லேப்டாப்பு, இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டலன்னு. தம்பி, அது விஎம்டி, அதாவது டிஸ்க்க இன்டெல் தன் வழியா நிர்வகிக்கற இன்டெல் ஆர்எஸ்டி வசதியோட பிரச்சினை. பயாஸ்ல அதை ஆஃப் பண்ணணும். சில மாடல்ல மெயின் டேப்ல நின்னு கன்ட்ரோல் எஸ் அமுக்கினாதான் அந்த ஆப்ஷனே கண்ணுக்குத் தெரியும். ஆனா உடனே ஆஃப் பண்ணிடாத. விண்டோஸ் வேணும்னா முதல்ல பிட்லாக்கரோட, அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடற பூட்டோட, ரெக்கவரி கீய எழுதி வெச்சுக்க, அப்புறம் விண்டோஸ சேஃப் மோடுல பூட் ஆகற மாதிரி செட் பண்ணிட்டு மாத்து. இல்லன்னா விண்டோஸ் எழுந்திருக்காது.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு லினக்ஸ்ல ஒழுங்கா ஓடுமான்னும் கேக்கறீங்க. 2012ல பின்லாந்து ஆல்டோ யுனிவர்சிட்டில லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவப் பாத்து நடுவிரலக் காட்டினாரே, அது அந்தக் கம்பெனிக்குத்தான். 2022 மே மாசம் கர்னல் மாட்யூல சோர்ஸோட வெளிய விட்டாங்க, டூரிங்லேர்ந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸ்லேர்ந்து மேல இருக்கறதுக்கு. நிலைமை நிறைய மாறியிருக்கு. இருந்தாலும் லினக்ஸுக்குன்னே லேப்டாப் வாங்கறீங்கன்னா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததா வாங்குங்க, நிம்மதியா இருப்பீங்க.

மின்ட் மாதிரியே இன்னொரு லினக்ஸான டெபியனோட பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்புக்குள்ள ஏத்தற ஃபர்ம்வேர் இல்லாம எத்தனை பேரு அந்த இன்ஸ்டாலர்ல மாட்டிக்கிட்டு முழிச்சாங்க! ஃபர்ம்வேர் சேத்த இமேஜ் அதிகாரபூர்வமா இல்லாம தனியா ஒரு மூலையில கிடக்கும். 2022 அக்டோபர்ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணி, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லேர்ந்து அசல் இன்ஸ்டாலர்லயே சேத்துட்டாங்க. கொள்கை பேசறவங்க இறங்கி வந்து பண்ணின வேலை, நான் மனசாரப் பாராட்டறேன். கொள்கையக் காப்பாத்தணும்னாலும் முதல்ல ஆளு உள்ள வரணும் இல்லையா?

இப்ப சித்தி மெஷின்ல பாக்கி ஒண்ணே ஒண்ணு, பிரிண்டர், மின்ட்ல இன்னும் ஓடல. டியூஷன் எடுக்கற வீட்டுல, ஜெராக்ஸ் கடையில எல்லாம் பாத்திருப்பீங்களே, அந்தக் குட்டி லேசர் பிரிண்டர். பிரிண்டர்களோட பொது பாஷையான பிசிஎல்லும் பேசாது, போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் பேசாது, அந்தக் கம்பெனியோட சொந்த பாஷைல மட்டும்தான் பேசும். நெட்வொர்க்ல வர்ற புது பிரிண்டருக்குப் பெரும்பாலும் ஐபிபிங்கற பொது முறையில தனி டிரைவரே வேணாம், தானா வந்து நிக்கும். சித்தி இந்தக் குட்டி லேசர விடமாட்டேங்கறாங்க, இதுலதான் டோனர் சீப்பாம். அதுவும் நியாயம்தான். இப்போதைக்கு கேள்வித்தாள பிடிஎஃப் பண்ணி ஃபோன்ல அனுப்பி கடையில எடுக்கறாங்க, பக்கத்துக்கு 2 ரூபா. அடுத்த வீடியோ முழுக்க அந்தப் பிரிண்டர்தான்.

உங்க வைஃபை வரலன்னா "வரல ப்ரோ"ன்னு மட்டும் போடாதீங்க. எல்எஸ்பிசிஐ மைனஸ் என்என்கே அடிச்சு, நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற அந்த வரிய நம்பரோட காப்பி பண்ணிப் போடுங்க, டாங்கிள்னா எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கமாண்ட். நம்பர் இருந்தா நான் பதில் சொல்லிடுவேன். அந்தக் குட்டி லேசர மின்ட்ல ஓட வெச்சவங்க யாராவது இருந்தா எந்த டிரைவர், எந்த வெர்ஷன்னு எழுதுங்க, உங்க கமென்ட்ட பின் பண்ணி வெக்கறேன்.