கால் சொல்வதைக் கேட்கும் கருவி

வணக்கம் நேயர்களே. மலையேறக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் கடைசியாக வருவார். முன்னே போனவர்கள் பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அரட்டையும் அடித்து முடிக்கும் நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்க வந்து சேருவார். வந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான்தான். அதனாலேயே நடக்கத் துணை செய்யும் எக்ஸோஸ்கெலட்டன் கருவிகளைப் பற்றி எங்கே என்ன வந்தாலும் விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இடுப்பில் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் சின்ன மோட்டார், அதிலிருந்து தொடை வரை இறங்கும் ஒரு கம்பி, முதுகுப் பக்கம் பேட்டரி, மொத்த எடை இரண்டு கிலோ அளவில். இன்று வாங்கக் கிடைக்கும் கருவிகளில் பல இந்த அமைப்புதான். சீனாவின் தைஷான் மலையில் ஆயிரக்கணக்கான படிகளை ஏற வருகிறவர்களுக்கு 2025-இல் இதை வாடகைக்கே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆசை பழசு. 1890-லேயே நிக்கோலஸ் யாக்ன் என்ற ரஷ்யர், நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் என்று சொல்லி, காலோடு சேர்ந்த நீளமான வில் ஸ்பிரிங் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அப்புறம் 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கை கால் என்று உடம்பு முழுவதும் மாட்டிக்கொள்ளும் ஹார்டிமேன் என்ற ஒன்றைச் செய்தது. எடை எவ்வளவு தெரியுமா? 680 கிலோ! முழுவதையும் ஒன்றாக இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறியது. கடைசியில் ஒரு கை மட்டும்தான் உருப்படியாக வேலை செய்தது.

வலிமைக்குக் குறைவே இல்லாத யந்திரம், ஆனாலும் மனிதனோடு சேர்ந்து நடக்க அதற்குத் தெரியவில்லை. நான் எங்கே பேசப் போனாலும் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம் இதுதான், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: கருவி எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைவிட எந்த நொடியில் தள்ளுகிறது என்பதைப் பாருங்கள். ஊஞ்சல் ஆட்டிவிட்டவர்களுக்கு இது புரியும். போய்விட்டுத் திரும்பும் கணத்தில் ஒரு விரல் பட்டாலே போதும், எதிரே வரும்போது தள்ளினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

இது சும்மா சொல்வதல்ல. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். கணுக்காலில் ஒரு கருவி, அதற்குக் குழாய் வழியாக வெளியிலிருந்து காற்றழுத்தம். ட்ரெட்மில்லில் நடப்பவரின் வாயையும் மூக்கையும் மூடி ஒரு முகமூடி. உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளந்தால் உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். அதே கருவியைக் கொஞ்சம் முன்னதாகவும் கொஞ்சம் பின்னதாகவும் தள்ள வைத்துப் பார்த்தார்கள். மறு கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பாகத் தள்ளியபோதுதான் பலன் அதிகம். நடைச் செலவு 6 சதவீதம் குறைந்தது. ஆறுதானா என்று கேட்காதீர்கள். அதுவரை வந்த கருவிகளை மாட்டிக்கொண்டு நடப்பதற்குக் கருவியே இல்லாமல் நடப்பதே மேல் என்ற நிலைதான் இருந்தது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன். நேரம் ஆனாலும் பரவாயில்லை. 2015-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் காலின்ஸும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெக் சவிக்கியும் ஒரு கருவியைக் காட்டினார்கள். அதில் மோட்டார் இல்லை, பேட்டரியும் இல்லை. காலுக்கு அரை கிலோ அளவில் ஒரு கார்பன் ஃபைபர் சட்டம், கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன கிளட்ச். அவ்வளவுதான். நடந்துகொண்டே கேட்கிறவர்கள் கெண்டைக்காலைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதம் தரையில் இருக்கும்போது முழங்கால் முன்னே சாய்கிறது, கெண்டைச் சதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எதையும் தூக்கவில்லை, நகர்த்தவும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சதைக்குச் சும்மா பிடிப்பதற்கும் சக்தி செலவாகும். ஸ்பிரிங்குக்கு அந்தச் செலவு கிடையாது. பாதம் தரையைத் தொட்டதும் கிளட்ச் பிடிக்கிறது, உடம்பு முன்னே போகப் போக ஸ்பிரிங் இழுபட்டு, உந்தும் நேரத்தில் அந்த இழுப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. கால் காற்றில் வீசும்போது கிளட்ச் விட்டுவிடுகிறது, பாதத்துக்கு எந்தத் தடையும் இல்லை. இதனால் மட்டும் 7 சதவீதச் செலவு குறைந்தது. வெளியிலிருந்து துளி சக்திகூடக் கொடுக்காமல்! இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கமாக மாற்றினால் பலன் கூடவில்லை, குறைந்தது. பலம் கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விளம்பரங்களில் மோட்டாரின் பலத்தைச் சொல்லும் வாட் கணக்கு பெரிய எழுத்தில் வருகிறது, பார்த்திருப்பீர்கள். நான் ஒரு இடுப்புக் கருவியை மாட்டிப் படியேறிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஏறும்போது தொடையை யாரோ கீழிருந்து தாங்கித் தூக்கிவிடுவது போல அவ்வளவு சுகம். திருப்பத்தில் எதிரே ஒருவர் இறங்கி வந்தார், வழிவிட நான் சட்டென்று நின்றேன். நின்றது கருவிக்குத் தெரியவில்லை. வலது தொடையை இன்னொரு தடவை மேலே தூக்கியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சமதளத்தில் ஒரே சீராக நடந்தால் அடுத்த அடி எப்போது என்று சென்சார் எளிதில் கணித்துவிடும். காட்டுப் பாதையில் வேர் இருக்கும், உருளும் கல் இருக்கும், பக்கவாட்டில் ஒரு அடி வைக்க வேண்டியிருக்கும். அங்கேதான் கருவியின் சாமர்த்தியம் தெரியும்.

மோட்டாரை ஏன் இடுப்பில் வைக்கிறார்கள்? பாதத்தில் கட்டும் எடையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டும், அதே எடை இடுப்பில் இருந்தால் அந்தப் பாடு இல்லை. கனமான பூட்ஸ் போட்டு ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணுக்கால் கருவிகள் ஓயவில்லை. அதே காலின்ஸின் ஸ்டான்ஃபோர்டு குழு 2022-இல் கொண்டுவந்த பூட்ஸில் மோட்டார் உண்டு. நடப்பவரின் அசைவை வைத்தே யாருக்கு எப்போது, எவ்வளவு தள்ளுவது என்று அது கற்றுக்கொள்கிறது. சாதாரண ஷூவோடு ஒப்பிட்டால் வேகம் 9 சதவீதம் கூடியது, அதே தூரத்துக்குச் செலவு 17 சதவீதம் குறைந்தது. முதுகிலிருந்து கனமான ஒரு பையை இறக்கி வைத்ததற்குச் சமம் என்கிறார்கள். எவ்வளவு தள்ளுவது மட்டுமல்ல, யாருக்கு, எப்போது என்பதும். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், பாருங்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களை எழுப்பி நடக்க வைக்கும் கருவிகள் வேறு ரகம். 2012-இல் அப்படி அடிபட்ட கிளேர் லோமஸ் என்ற பெண் இந்த ரகக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு லண்டன் மாரத்தானை இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்து முடித்தார். அதற்குத் தனியாக ஒரு உரையே வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். இறக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கால் நோவது பெரும்பாலும் இறங்கும்போதுதான், ஏனென்றால் தொடையின் முன்சதை அப்போது பிரேக்காக வேலை செய்கிறது. கருவி இறக்கத்தில் என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏற்றத்தை மட்டும் படம் பிடித்துக் காட்டுவார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், தீர்ந்தால் மீதி வழி அதைச் சும்மா மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் வாங்கும் முன் கருவியை அணைத்துவிட்டு அதை மாட்டியபடியே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தொடை தாராளமாக அசைய வேண்டும், இழுத்துப் பிடித்தால் வேண்டாம். வேகமாக நடந்து சட்டென்று நில்லுங்கள், பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டிப் பாருங்கள். கணுக்கால் பிசகாமல் காப்பதும் சறுக்கினால் பிடிப்பதும் இதன் வேலை இல்லை, ஊன்றுகோலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் இதை நம்பி உயரத்துக்குக் கிளம்பும் முன்... சரி, நேரம் முடிந்துவிட்டதாம். மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.