சூடு கண்ட நட்டு ஏன் கழல மறுக்கிறது?

வணக்கம் நேயர்களே. பைக் சைலன்சரை எஞ்சினோடு பிடித்திருக்கும் அந்த இரண்டு நட்டைக் கழற்றப் போய் ஸ்டட்டையே, அதாவது நட்டு ஏறும் தலையில்லாத மரைக்கம்பியையே, முறித்துவிட்டு முழித்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நானும் முறித்திருக்கிறேன். நான் ஃபிட்டராக இருந்த அனல் மின் நிலையத்தில் இதே கதை பெரிய அளவில் நடக்கும்: 540 டிகிரி நீராவி ஓடும் குழாய், அதன் ஃபிளாஞ்சில், அதாவது குழாயும் குழாயும் சேரும் விளிம்பில், தடித்தடியாக ஸ்டட்டுகள், ஓவர்ஹாலிங்குக்கு யூனிட்டை நிறுத்தியதும் ஸ்பேனரை மாட்டிச் சம்மட்டியால் எத்தனை போட்டாலும் நட்டு அசையாது, கடைசியில் கேஸ் கட்டிங்தான்.

ஒரு தடவை அப்படி வெட்டிய நட்டைப் பிளந்து பார்த்தேன். மரை முழுக்கக் கரி. போன முறை பூட்டியது யார் என்றால், நான்தான், கை நிறைய சாதாரண கிரீஸை அள்ளி அப்பியிருந்தேன். லித்தியம் கிரீஸ் 190 டிகிரி வாக்கிலேயே உருகி ஒழுகிவிடும், மிச்சம் தீய்ந்து போகும். அப்புறம் வெறும் இரும்புதான். அது சூட்டில் ஆக்சைடாகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும், மரை இடுக்கில் ஆப்பு இறக்கின மாதிரி.

மரை இப்படிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவுவதுதான் ஆண்டிசீஸ் பேஸ்ட். அதிலும் கிரீஸ் உண்டு, அதுவும் எரிந்துதான் போகும். ஆனால் அதில் கலந்திருக்கும் செம்புத் தூளோ நிக்கல் தூளோ இரண்டு மரைக்கும் நடுவில் படலமாகத் தங்கிவிடும், வேலை செய்வது அதுதான். செம்பு சுமார் 980 டிகிரி வரை, நிக்கல் 1300 வரை தாங்கும். அசெட்டிலீன், அம்மோனியா குழாய்ப் பக்கம் மட்டும் செம்பைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சூடுகூட வேண்டாம், வேகமாக முறுக்கினாலே மேல்படலம் தேய்ந்து உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும், அதனால் பேஸ்ட் தடவி, மெதுவாக, கையால்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. உலர்ந்த நட்டில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மற்றதெல்லாம் உராய்விலேயே போகிறது. பேஸ்ட் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க் (முறுக்கு அளவு) வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். முலாம் பூசிய ஸ்பார்க் பிளக்குக்கு இது வேண்டாம் என்று தயாரிப்பவர்கள் சொல்வதும் இதனால்தான்.

தடவுவதற்கு முன் வயர் பிரஷ் போட்டு, மண்ணெண்ணெயில் துடைத்து, நட்டை விரலால் ஓட்டிப் பாருங்கள். கடைசி வரை ஓட வேண்டும். நடுவில் பிடித்தால் மரை அடிபட்டிருக்கிறது, எந்தப் பேஸ்டும் அதைக் காப்பாற்றாது. மெல்லியதாகப் பூசினால் போதும், நட்டின் அடிமுகத்திலும் கொஞ்சம்.

சரி, ஏற்கெனவே பிடித்துக்கொண்ட சைலன்சர் நட்டா? ராத்திரியே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், காலையில் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள்.